எண்ணெய்ச் சட்டியில் தண்ணீரின் வேலை

காய்ந்த எண்ணெய் கொதிப்பதில்லை. வடச்சட்டியில் கடலை எண்ணெயை ஊற்றிப் பலகாரம் சுடும் பக்குவத்துக்குக் காய்ச்சினால், 160, 170 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அது அமைதியாகத்தான் கிடக்கும். மேற்பரப்பில் லேசான நெளிவு தெரியும், அவ்வளவுதான். அதில் ஓர் அதிரசத்தைத் தட்டிப் போட்டதும் சட்டி முழுக்கக் குமிழ் பொங்குகிறது. அந்தக் குமிழில் எண்ணெய்க்குப் பங்கில்லை. மாவுக்குள் இருந்த தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடிவருகிறது. "சலசலப்பு அடங்கினா வெந்துருச்சு" என்று நம் வீடுகளில் சொல்கிறார்களே, அது அறிவியல்படி துல்லியமான அளவுகோல். வெளியேற வேண்டிய தண்ணீர் வெளியேறி முடிந்தது என்பதுதான் அதன் பொருள்.

பலகாரம் சுடுவதை எண்ணெய் வேலையாகவே நினைத்துப் பழகிவிட்டோம். எண்ணெயின் பங்கு சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அரிசி ஊறும்போது எவ்வளவு தண்ணீர் குடித்தது, பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது, எண்ணெயில் அது எந்த வேகத்தில் வெளியேறுகிறது, அது காலி செய்த இடத்தில் பிறகு எது போய் உட்காருகிறது ஆகியவைதான் பலகாரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன. அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோவதற்கும், கச்சாயம் எண்ணெய் குடிப்பதற்கும், பாதுஷா பூக்காமல் பிசுபிசுப்பதற்கும் காரணம் தேடிப் போனால் ஒவ்வொரு முறையும் தண்ணீரிடம்தான் வந்து நிற்போம்.

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் நோம்பி என்றால் கச்சாயம் இல்லாமல் முடியாது. சில வீடுகளில் அதிரசத்தையே கச்சாயம் என்பார்கள். வேறு சில வீடுகளில் ஊறவைத்த பச்சரிசியை வெல்லத்தோடு ஆட்டி, கரண்டியால் எண்ணெயில் ஊற்றிச் சுடுவதுதான் கச்சாயம். இங்கே தட்டிப் போடுவதை அதிரசம் என்றும், ஊற்றிச் சுடுவதைக் கச்சாயம் என்றும் வைத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பொருள்கள் ஒன்றுதான்: பச்சரிசி, வெல்லம், ஏலக்காய், எண்ணெய். தண்ணீரைக் கையாளும் விதத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

இவை நோம்பிப் பலகாரமாக இருந்ததற்கும் தண்ணீரே காரணம் என்பது என் எண்ணம். கொங்கு நாட்டின் பெரும்பகுதி மானாவாரிக் காடு. அன்றாடச் சாப்பாடு கம்பும் சோளமும் ராகியும். நெல்லும் கரும்பும் வாய்க்கால் பாய்ந்த இடத்துப் பயிர்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் ஈரோட்டுப் பக்கம் நிலத்தை நனைத்தது. 1955இல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் வந்த பிறகு இன்னும் பெரிய பரப்பு நெல்லுக்கும் கரும்புக்கும் மாறியது. அந்தப் பாசனப் பகுதியில் உள்ள கவுந்தப்பாடியில்தான் இன்று நாட்டுச் சர்க்கரை ஏலம் போகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் அங்கிருந்துதான் கொள்முதல் செய்கிறது. சித்தோட்டு வெல்லச் சந்தைக்கும் சுற்றுவட்டாரக் கரும்பாலைகளில் இருந்தே வெல்லம் வருகிறது.

கரும்பைப் பற்றிப் பேசும்போது கோயம்புத்தூருக்கு உரிய இடத்தைக் கொடுத்தாக வேண்டும். 1912இல் இங்கே தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி. ஏ. பார்பரும், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும், இனிப்பு மிகுந்த கரும்பை வறட்சி தாங்கும் காட்டுக் கரும்போடு கலந்தார்கள். காட்டுக் கரும்பு கோவைப் பக்கத்து ஓடைக்கரைகளில் தானாக வளர்ந்த நாணல் வகை. அந்தக் கலப்பில் பிறந்த 'கோ 205' 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. இன்று தமிழ்நாட்டில் பரவலாக விளையும் 'கோ 86032' இதே நிலையத்தில் உருவாகி 2000இல் வெளியானது. பெயரின் முன்னால் நிற்கும் 'கோ' கோயம்புத்தூர்தான். ஒரு துண்டு அச்சு வெல்லத்தைப் பாகுக்குப் போடும்போது இந்த நூறாண்டு உழைப்பும் சேர்ந்தே கரைகிறது.

இனி அரிசிக்கு வருவோம். கடையில் வாங்கும் பச்சரிசியில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்கு ஈரம் இருக்கும். இரண்டு மணி நேரம் ஊறினால் அது முப்பதை நெருங்குகிறது. அரிசியின் உள்ளே மாவுச்சத்து மிக நுண்ணிய மணிகளாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மணியும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான், தானியங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. ஊறிய அரிசியை இடித்தால் மணிகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிகின்றன. காய்ந்த அரிசியை மில்லில் அரைத்தால் மணிகளே உடைகின்றன. உடைந்த மணி, உடையாத மணியைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பச்சையாகவே உறிஞ்சும். கடை மாவில் பாகை ஊற்றினால் முதலில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்து, கொஞ்ச நேரத்தில் மாவு கல்லாக இறுகிப்போவது இதனால்தான். பாகில் இருந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரையும் உடைந்த மணிகள் இழுத்துக்கொள்கின்றன.

ஊறிய அரிசியை வடித்து, நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி, கையில் எடுத்தால் ஒட்டிக்கொள்ளும் ஆனால் உள்ளங்கை நனையாது என்ற நிலையில் இடிக்கச் சொல்வார்கள். வெயிலில் போடக் கூடாது. வெயில் மேல்பரப்பை மட்டும் காயவைத்து உள்ளே ஈரத்தை விட்டுவிடும். சலித்த மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்படிப்பட்ட மாவை உடனே பாகில் சேர்த்துவிட வேண்டும். காற்றாடப் போட்டு வைத்தால் உழைத்ததெல்லாம் வீண்.

வீட்டில் பெரும்பாலும் தோற்பது பாகில். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வெல்லத்தைத் தட்டி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றுகிறோம். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து, கடைசிச் சொட்டு வரை அதே சூட்டிலேயே நிற்கும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படி நிற்காது. சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அது ஆவியாக இன்னும் அதிகச் சூடு வேண்டும். கரைசலில் சர்க்கரை 80 விழுக்காடு ஆகும்போது கொதிநிலை 109, 110 டிகிரி. 85 விழுக்காட்டில் 113. 90 விழுக்காட்டில் கிட்டத்தட்ட 120. ஆகவே பாகின் சூடு என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதன் மறுபெயர். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும், தண்ணீர் வெளியேறாமல் பாகு சூடேறாது.

அதிரசத்துக்கு வேண்டியது அந்த 85ஐ ஒட்டிய இடம், தக்காளிப் பதம் என்று சொல்வது. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாகு ஏன் அவ்வளவு சீக்கிரம் கைமீறிப் போகிறது என்பது விளங்கும். ஒரு கிலோ வெல்லம், முழுக்கச் சர்க்கரை என்றே வைத்துக்கொள்வோம். 80 விழுக்காட்டில் அதோடு இருக்கும் தண்ணீர் கால் லிட்டர். 85இல் சுமார் 176 மில்லி. 90இல் சுமார் 111 மில்லி. கம்பிப் பதத்திலிருந்து தக்காளிப் பதத்துக்கு வர 74 மில்லி போனால் போதும். அங்கிருந்து இன்னும் 65 மில்லி, அதாவது நான்கு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல் போய்விட்டால், பாகு கெட்டிப் பதத்தை எட்டிவிடும். வாய் அகன்ற போசியில் கொதிக்கும் பாகு இதைச் சில நிமிடங்களில் ஆவியாக்கிவிடும். அரைக் கிலோ வெல்லம் என்றால் அவகாசம் அதிலும் பாதி. "பாகு முத்தறதுக்குள்ள மாவக் கொட்டு அம்மிணி" என்று அமுச்சி அவசரப்படுத்துவது இந்த நான்கு கரண்டித் தண்ணீருக்காகத்தான்.

சூடு பார்க்கும் கருவி இப்போது எளிதாகக் கிடைக்கிறது, அதை வைத்தே பதம் பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். கொதிநிலை ஊரின் உயரத்தைப் பொறுத்தது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 98.6 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி 2,240 மீட்டரில் உள்ள ஊட்டிக்குப் போனால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பாகு தக்காளிப் பதத்துக்கு வரும்போது கருவி 105, 106தான் காட்டும். புத்தகத்தில் போட்ட 113க்குக் காத்திருந்தால் பாகு 90 விழுக்காட்டைத் தாண்டி முத்திவிடும். இன்னொன்று, வெல்லம் வெறும் சுக்ரோஸ் அல்ல. அதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆலைக்கு ஆலை வேறுபட்ட அளவில் கலந்திருக்கின்றன. அவற்றின் மூலக்கூறுகள் சிறியவை. அதே எடைக்கு எண்ணிக்கையில் அதிகமாக இருப்பதால் கொதிநிலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தும்.

கிண்ணத்துத் தண்ணீர்ச் சோதனைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு சொட்டுப் பாகைப் பச்சைத் தண்ணீரில் விடுகிறோம். அது அடியில் போய்ப் படிகிறது, நொடியில் ஆறிவிடுகிறது. விரலால் ஒதுக்கிப் பார்க்கிறோம். பதம் வராத பாகு ஒதுக்க ஒதுக்கத் தண்ணீரில் கரைந்து பழுப்பாகப் பரவும். தக்காளிப் பதத்தில் அது சேர்ந்து வரும், விரல் நுனியில் எடுத்தால் உருளும், அழுத்தினால் மெல்லத் தட்டையாகும். முத்தியது என்றால் கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினால் சத்தம் கேட்கும். விரல் இங்கே சோதிப்பது சூட்டை அல்ல, ஆறிய பாகின் இறுக்கத்தை. அந்த இறுக்கம் அதில் மிச்சமிருக்கும் தண்ணீரை மட்டுமே சொல்கிறது. எனவே ஊட்டியிலும் கோவையிலும் கடற்கரையிலும் இந்தச் சோதனை ஒரே விடையைத் தரும். வேண்டிய அளவை நேராக அளந்து, வேண்டாத அளவை விலக்கிவிடும் இப்படியொரு சோதனையை எழுதப் படிக்கத் தெரியாத கைகள் கண்டுபிடித்திருக்கின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு.

பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு, ஈர மாவைத் தூவிக் கிளற வேண்டும். 110 டிகிரிக்கு மேல் இருக்கும் பாகு படும் இடங்களில் மாவுச்சத்து கொஞ்சம் வெந்து பசையாகிறது, மாவைச் சேர்த்துப் பிடித்துவைப்பது அந்தப் பசைதான். கிளறி முடித்தபோது மாவு தளர்வாகத் தெரிந்தால் பயந்து மேலும் அரிசி மாவைப் போட்டுவிடக் கூடாது. மேலே நெய் தடவி, மூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்தால் தானாக இறுகும். அந்த நேரத்தில் தண்ணீர் சமநிலைக்கு வருகிறது. ஈரம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கும், பாகிலிருந்து மாவு மணிகளுக்கும் மெதுவாக நகர்கிறது. உடனே சுட்ட அதிரசம் விரிவதற்கும், மறுநாள் சுட்டது ஒழுங்காக வருவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த நகர்வுதான்.

இப்போது எண்ணெயில் போடுகிறோம். போட்டவுடன் அதிரசம் அடியில் தங்கும். உள்ளே ஆவி அறைகள் உண்டாகி எடை இலகுவானதும் மேலே வரும். அடியில் கிடக்கும் அந்தச் சில நொடிகளில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. சூடு ஏறியதும் பாகு இளகி ஓடத் தொடங்குகிறது. அதே சூட்டில் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பி, வெந்து இறுகத் தொடங்குகிறது. பாகு ஓடுவதற்குள் மாவு இறுகிவிட்டால் முழு அதிரசம். மாவு இறுகுவதற்குள் பாகு ஓடிவிட்டால் சட்டி முழுக்கத் துகள்.

கோதுமை மாவில் இந்தப் போட்டி இல்லை. பிசையும்போதே குளூட்டன் என்ற புரத வலை உருவாகி, வேகும் முன்பே மாவை இழுத்துப் பிடித்திருக்கும். அமெரிக்க டோனட்டும், புத்தாண்டுக்கு நெதர்லாந்தில் சுடும் எண்ணெய் உருண்டைகளும் அந்த வலையின் பலத்தில் நிற்பவை. அரிசியில் குளூட்டன் கிடையாது. பிடித்து நிறுத்தப் பாகையும் வெந்த மாவுச்சத்தையும் விட்டால் வேறு ஆதரவில்லை. அதோடு, சர்க்கரை இந்தப் போட்டியில் எதிராளிக்குத்தான் உதவுகிறது. வெறும் தண்ணீரில் அரிசி மாவுச்சத்து 65 முதல் 80 டிகிரிக்குள் வெந்துவிடும். பாதிக்குப் பாதி சர்க்கரை உள்ள கரைசலில் அதற்குச் சுமார் 20 டிகிரி கூடுதலாக வேண்டும். தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்துக்கொண்டிருப்பதால் மாவு மணிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

பதம் வராத இளம் பாகில் தண்ணீர் அதிகம், அது எளிதில் ஓடிவிடும், ஆவி வேகமாகக் கிளம்பி மாவைக் கிழிக்கவும் செய்யும். ஆகவே எண்ணெயில் பிரிந்தால் ஒரு பிடி ஈர அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து மறுபடி ஒன்று போட்டுப் பார்ப்பது சரியான வைத்தியம். மாவுச்சத்து கூடுகிறது, ஓடக்கூடிய தண்ணீர் குறைகிறது. கல்லாக வந்தால் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைந்து ஊறவிட வேண்டும். எண்ணெயின் சூடும் இதில் பங்குதாரர். சூடு குறைவாக இருந்தால் மேல் தோல் இறுகத் தாமதமாகி, பாகு ஓட நேரம் கிடைத்துவிடும். மாவில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் போட்டால் அது அடிவரை போய், ஒன்றிரண்டு நொடியில் மேலே வர வேண்டும். போட்ட கணமே மேலே துள்ளினால் சூடு அதிகம், வெளியே கருகி உள்ளே மாவாக இருக்கும்.

கனமும் முக்கியம். ஒரு பண்டத்தின் நடுவரை சூடு போய்ச் சேரும் நேரம் கனத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். கனத்தைப் பாதியாக்கினால் நேரம் கால்பங்காகும். அதிரசத்தை மெல்லியதாகத் தட்டுவதும், சில வீடுகளில் நடுவில் ஓட்டை போடுவதும், பாதுஷாவின் நடுவில் பெருவிரலால் குழி வைப்பதும் அழகுக்காக மட்டும் வந்த பழக்கங்கள் அல்ல.

ஊற்றிச் சுடும் கச்சாயம் இத்தனை படுத்தாது. அதில் பாகே இல்லை. ஊறிய அரிசியும் வெல்லமும் ஒன்றாக ஆட்டப்பட்டு, இட்லி மாவை விடக் கெட்டியாக நிற்கும். தண்ணீர் தாராளமாக இருப்பதால் மாவுச்சத்து எளிதில் வேகிறது. ஊற்றிய உடனே ஓரம் பிடித்து, நடு உப்பி எழும். சிலர் ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து சேர்ப்பார்கள், மென்மை கூடும். ஆனால் வெளியேற வேண்டிய தண்ணீர் அதிகம் என்றால் அது காலி செய்யும் இடமும் அதிகம். மாவு நீர்த்துப் போனால் கச்சாயம் எண்ணெயை இழுத்துக்கொள்ளும்.

எப்போது இழுக்கிறது என்பதுதான் பலரும் எதிர்பார்க்காத செய்தி. சட்டிக்குள் இருக்கும்வரை ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைய அதிகம் வழியில்லை. வறுத்த உணவுகளைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பகுதி எண்ணெய் வெளியே எடுத்த பிறகுதான் உள்ளே போகிறது என்று காட்டியிருக்கின்றன. சட்டியை விட்டு எடுத்ததும் துளைகளில் இருந்த ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, மேலே ஒட்டியிருந்த எண்ணெயை அந்த வெற்றிடம் உறிஞ்சிவிடுகிறது. அதிரசத்தை எடுத்த கையோடு இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தச் சொல்வது இந்த ஒன்றிரண்டு நிமிடங்களை முந்துவதற்குத்தான். ஆறின பிறகு காகிதத்தில் எவ்வளவு ஒற்றினாலும் உள்ளே போன எண்ணெய் திரும்பாது. ஜல்லிக் கரண்டியில் எடுத்துச் சட்டிக்கு மேலேயே சில நொடி பிடித்து வடியவிட்டு, சூடு அடங்குவதற்குள் அழுத்துவதுதான் சரி.

சிவந்த நிறமும் அந்த மணமும் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு விடை சொன்னவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கோவையில் கரும்பு நிலையம் தொடங்கிய அதே 1912இல், சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை அவர் எழுதினார். மேல் தோலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு நூறை ஒட்டியே நிற்கும், வினை மெதுவாக நடக்கும். தோல் காய்ந்து 140 டிகிரியை எட்டியதும் நிறம் சட்டென்று ஏறுகிறது. அரிசியில் உள்ள ஏழு விழுக்காட்டுப் புரதம் அமினோ அமிலத்தைத் தருகிறது. சர்க்கரையில் சுக்ரோஸ் நேராக இதில் இறங்காது, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான் இறங்கும். வெல்லத்தில் அவை ஏற்கனவே இருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையில் சுட்ட அதிரசம் வெளிறி, மணம் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்து விற்பவர்கள் இந்த நிறத்தையும் மணத்தையும் சேர்த்தே திருடுகிறார்கள். அதற்காகக் கருக விடவும் கூடாது. 120 டிகிரிக்கு மேல் இதே வினையின் ஒரு கிளையில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பொன்னிறம் தாண்டாமல் எடுப்பது நாவுக்கும் உடலுக்கும் நல்லது.

குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் செய்யும் இன்னொரு வேலையைப் புரிந்துகொள்ளப் பாதுஷாவுக்குப் போக வேண்டும். மேலே வெள்ளையாகப் பூத்த சர்க்கரைதான் பாதுஷாவின் அழகு. மைதாவில் நெய்யைச் சேர்த்து முதலில் உதிரியாகப் பிசைவது குளூட்டன் வலை நீளாமல் தடுக்க. மாவுத் துகளை நெய் போர்த்திவிட்டால் தண்ணீர் அதனிடம் எளிதில் போகாது, தண்ணீர் இல்லாமல் வலை இல்லை. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயுவைக் கொடுக்கும். சோடா ஒரு சிட்டிகை கூடினாலும் எண்ணெயில் உதிர்ந்துவிடும், சவுக்கார வாடையும் வரும். மிதமான சூட்டில் நிதானமாகச் சுட்டு, எண்ணெய் வடிந்ததும், இன்னும் சூடு இருக்கும்போதே வெதுவெதுப்பான பாகில் போட வேண்டும். அதிரசத்தில் எண்ணெயை உள்ளே இழுத்த அதே வெற்றிடம் இங்கே பாகை இழுக்கிறது. அங்கே தடுத்ததை இங்கே வரவேற்கிறோம்.

பூப்பது எப்படி? அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்துவைத்திருக்கும். கொதிக்கும்போது கிட்டத்தட்ட 490 கிராம் வரை தாங்கும். கம்பிப் பாகு ஆறும்போது தாங்க முடியாத சர்க்கரை வெளியேறியே ஆக வேண்டும். கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள் உருவாகி மெல்லிய வெண்படலமாகப் படியும். பாகில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், புளிப்பு சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும். இவை படிகத்தின் வரிசைக்குள் புகுந்து அடுக்கைக் கெடுப்பதால் பாகு பூக்காமல் கண்ணாடியாய்ப் பளபளக்கும். பூத்த பாதுஷா வேண்டுமா, மினுக்கும் பாதுஷா வேண்டுமா என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு எலுமிச்சையை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அதிரசம் நாள்கணக்கில் மிருதுவாக இருப்பதும் இந்தத் தடுப்பினால்தான். வெல்லத்தில் இயல்பாகவே குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருப்பதால் பாகு படிகமாக இறுகுவதில்லை. ஃப்ரக்டோஸ் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது.

அதிரசம் இரண்டு வாரம் தாங்கும், கச்சாயம் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அதிரசத்தில் இருக்கும் தண்ணீரைச் சர்க்கரை இறுகப் பிடித்திருப்பதால் பூஞ்சைக்கு அது பயன்படாது. கச்சாயத்தில் பிடிபடாத தண்ணீர் அதிகம். அதைச் சுட்ட அன்றே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிவிடுவதுதான் முறை.

மிஞ்சும் எண்ணெயையும் தண்ணீர் விட்டுவைப்பதில்லை. மாவிலிருந்து வெளியேறும் ஆவி அந்தச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகளை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. எண்ணெய் சீக்கிரம் புகையத் தொடங்குகிறது. நுரை கட்டுகிறது. இப்படிச் சிதைந்த பொருள்களும் காற்றுப் பட்டுச் சிதைந்தவையும் சேர்ந்து 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது. நிறம் கறுத்து, வழக்கமான சூட்டுக்கு முன்பே புகைந்து, நுரை அடங்காமல் நின்றால் அதை விட்டுவிடுவதே நல்லது. அதனால் ஒரே சட்டியில் பல பலகாரம் சுடும் நாளில் வரிசை முக்கியம். முதலில் முறுக்கு, அடுத்துப் பாதுஷா, அதன் பின் அதிரசம். அதிரசத்திலிருந்து உதிரும் வெல்லத் துணுக்குகள் அடியில் கருகி எண்ணெயைக் கறுக்க வைக்கும் என்பதால் ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் அவற்றை அரித்தெடுக்க வேண்டும். தண்ணீரும் வெல்லமும் சேர்ந்து இறங்கும் கச்சாயம் கடைசி ஈடு.